ஒஸ்டின் நிற்க ஓர் இடம்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடும் அதைச் சுற்றின வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தாய் வீட்டில் பிறக்கிறோம், அது அக்காவுக்கோ தங்கச்சிக்கோ போகிறது. கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறோம், அது பிறகு மகளுக்குப் போகிறது. நானே களுவாஞ்சிக்குடியில் என் மனைவியின் வீட்டில்தான் இத்தனை வருசமாக இருக்கிறேன். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். இதை யாரும் குறையாக எடுப்பதில்லை. உடுப்பு நாலு, ஒரு மண்வெட்டி, ஒரு சைக்கிள் என்று இருக்கிறவனுக்கு எந்த வீடும் போதும். ஆனால் ஒருவனுக்குச் சொந்தமாக ஓடாத கார் ஒன்று இருந்துவிட்டால் சிக்கல்தான். அதை எங்கே நிற்பாட்டுவது?

அந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் கனகசிங்கம். என் அக்கா அன்னப்பூரணியின் கணவர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் மாங்கேணியில் பிறந்து களுவாஞ்சிக்குடிக்கு மாப்பிள்ளையாகப் போனேன், அவர் களுவாஞ்சிக்குடியில் பிறந்து மாங்கேணிக்கு மாப்பிள்ளையாக வந்தார். உழவு மெசினுக்குப் பின்னால் நெல் ஏற்றிப் போகும் பெட்டி இருக்கிறதே, அதை இரும்பு உருக்கி ஒட்டுவதுதான் அவருடைய தொழில். மாங்கேணி றோட்டோரத்தில் நாலு தூணும் ஒரு தகரக் கூரையுமாகப் பட்டறை. பின்பக்கத்தில் சாமான் போடுகிற சின்ன அறை ஒன்று. மற்றப்படி சுவர் இல்லை. எந்த வயல் வட்டையில் அறுவடை நடந்தாலும் வரம்போரத்தில் அவர் ஒட்டிய பெட்டி ஒன்று நிற்கும். முறிந்து விழுந்தது என்று எவனும் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, வாயால் சொல்லமாட்டார், பெட்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார்.

கார் அவருடைய அப்பாவின் ஒஸ்டின். வாடகைக்கு ஹயர் ஓடிய கார். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அதன் மேல் தென்னை ஒன்று விழுந்து, அடிச்சட்டம், அதுதான் சேசி, நடுவில் வளைந்துபோனது. அதற்குப் பிறகு அது கார் இல்லை, பொதுச்சொத்து. எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனார்கள். ஒரு கதவு கோழிக்கூட்டுக்குப் போனது. முன் சீற் சலூன்காரனிடம் போய், ஊரில் பாதிப்பேர் அதில் இருந்துதான் தாடி வழித்தார்கள். சில்லு, விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் யார் வீட்டுக்குப் போனதென்று தெரியாது. மிஞ்சிய கூடு தாய் வீட்டு வளவிலேயே கிடந்தது. தாய் வீடு தங்கச்சிக்குப் போய், தங்கச்சியிடமிருந்து தங்கச்சி மகளுக்குப் போனதும், அந்தப் பிள்ளை மரியாதையாகத் தொலைபேசி எடுத்தது.

"மாமா, மதில் கட்டப்போறம். உங்கட காரை எடுக்கிறீங்களா, இல்லாட்டி இரும்புக்காரனுக்குக் குடுக்கட்டா?"

மச்சான் மறுநாளே லொறி பிடித்துப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டறையில் இறக்கமுடியாது. சுவரில்லாத இடத்தில் ஒரு இரவு விட்டால் விடிய ஆணிகூட மிஞ்சாது. அப்போது நாடு முழுக்க இரும்புக்கு அலைந்த காலம், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலமும் அதுதான். ஓடுகிற காரை வைத்திருந்தவனெல்லாம் விற்க ஆள் தேடிக்கொண்டிருக்க, இவர் ஓடாத ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் வளவில் இறக்கினார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்க, இது என்ன?"

"கார்."

"எங்க கார்?"

நியாயமான கேள்விதான். நான் பக்கத்தில் நின்றேன், எனக்கும் கார் தெரியவில்லை. துருப்பிடித்த ஒரு பெரிய ஆமை ஓடுதான் தெரிந்தது. அக்கா மாமரத்துக்குக் கீழே வைக்கச் சொன்னாள். அவள் இடம் கொடுத்தாள், அவர் வைத்தார்.

அன்றிலிருந்து பட்டறை மூடியதும் அவர் வேலை மாமரத்தடியில்தான். மரக்கொப்பில் சங்கிலிக் கப்பியைக் கொளுவிக் கூட்டைத் தனியாகத் தூக்கினார். கீழே சேசியைப் பார்த்தால், முன்பக்கம் மட்டும்தான் இரும்பு. நடுப்பகுதி வளைந்து கிடந்தது, பின்பக்கம் உப்புக்காற்றில் அப்பளம் மாதிரிப் பொரிந்து, கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. வளைந்ததிலிருந்து அளவு எடுக்க முடியாதே என்று நான் கேட்டேன். தென்னை வலப்பக்கத்தில்தான் விழுந்தது, இடப்பக்கம் அவ்வளவு பழுதில்லை, இடப்பக்க அளவை எடுத்து வலப்பக்கத்துக்குத் திருப்பிப் போட்டால் சரி என்றார். நூல் கட்டி, மூலைக்கு மூலை அளந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, புதிதாகவே ஒரு சேசி ஒட்டினார். எந்த இரும்பில்? தன் பட்டறையில் கிடந்த, நெல் பெட்டிக்குப் போடுகிற அதே தடித்த சனல் இரும்பில். மெல்லிய இரும்பைத் தொட்டால் அவருக்குக் கை கூசும்.

குறைச்சல் சாமானுக்கு ஓட்டமாவடி றவூப் இருந்தான். பழைய வாகனச் சாமான் கடை வைத்திருப்பவன், மச்சானோடு கனகாலச் சிநேகிதம், இளசுகளுக்கு அவன் காக்கா, அதாவது அண்ணன். ஸ்டியரிங்கும் அச்சும் சில்லும் முன் சீற்றும் எங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தான். ஒஸ்டின் எஞ்சின் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு சின்ன வேனின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினான். இறக்கிவிட்டுச் சேசியைச் சுற்றி நடந்து பார்த்தான்.

"மச்சான், எஞ்சின் கைக்குழந்தை. நீ போட்டிரிக்கிற இரும்பு ஆனை. இதில என்ன, நெல்லு ஏத்தப்போறியா?"

"முறியாது" என்றார் மச்சான்.

"முறியாது, அது எனக்கும் தெரியும். இழுக்குமா?"

"மாங்கேணியில என்ன மலையா இரிக்கி?"

எங்கள் பக்கம் மேசை மாதிரிச் சமநிலம். கடல், கடல் தண்ணீர் புகுந்த களப்பு, வயல், நடுவில் நேரான றோட்டு.

இதற்கிடையில் அக்காவின் ஒரே மகள் கஜானிக்கு வாகரையில் மாப்பிள்ளை பேசி வந்தது. பெயர் நிதுர்ஷன், களப்பு இறாலும் நண்டும் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிற வியாபாரம். பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. வீடு வளவு பார்க்க அவனுடைய மாமா வினாயகமூர்த்தி நாலு பேரோடு வந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். கிணறு பார்த்தார், மாமரம் பார்த்தார், மரத்துக்குக் கீழே நின்றதையும் பார்த்தார்.

"எல்லாம் நல்லம். மருமகனுக்கு ஐஸ் பெட்டி வைக்க, லொறியக் கிறுக்கித் திருப்ப ஒரு இடம் வேணும். இந்தக் குப்பையை எடுத்தாச் சரி."

மச்சான் தலை நிமிரவில்லை. "ஓடும்" என்றார்.

"என்ன ஓடும்?"

"இந்தக் கார். மாப்பிள்ளைய இதிலதான் கூட்டி வருவன்."

வந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்தது. மனுசன் நாலு பேருக்கு முன்னால் வாயைக் கொடுத்துவிட்டாரே என்று கோபம், அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறார்களே என்று அதைவிடக் கோபம். அவள் முடிவாகச் சொன்னாள்:

"சரி. கலியாணத்தண்டைக்கு இந்தக் கார் மாப்பிள்ளையக் கொண்டுவந்தா, இந்த இடத்தில நிக்கட்டும், ஐஸ் பெட்டிக்கு வேற இடம் பாப்பம். கொண்டுவராட்டி எடுக்க வேணும். மறுகா ஒரு கதை கதைக்கப்படாது."

நிதுர்ஷனிடம் தொலைபேசியில் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஓம் என்றான். வினாயகமூர்த்தியும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். இப்படித்தான் ஒரு காரின் தலைவிதி கலியாணப் பேச்சுக்குள் வந்து மாட்டிக்கொண்டது.

மச்சான் பேய் மாதிரி வேலை செய்தார். கதவு ஒன்று இல்லை, தகரம் வெட்டி மடித்து ஒன்று செய்தார். அதற்குப் பூட்டு, பெட்டியின் பின்பலகைக்குப் போடுகிற கொளுக்கிதான். முன்விளக்கு உழவு மெசினுடையது. நிறமும் பெட்டிக்கு அடிக்கிற அதே சிவப்பு, மஞ்சள் கரையோடு. கூட்டை இறக்கிப் பூட்டுவதற்கு முன்னால், புதிதாக ஒட்டுகிற எந்தப் பெட்டிக்கும் செய்கிற மாதிரி, சேசியின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடத் தொய்யவில்லை. எனக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. கஜானி பிறந்தபோது இருந்திருக்கலாம், அப்போது நான் பக்கத்தில் இல்லை.

எஞ்சின் வேலை செய்தது. மாங்கேணி றோட்டில் தனியாக ஓட்டினார், ஒருநாள் அக்காவையும் ஏற்றிக் கோயிலடி வரை போய்வந்தார். மூட்டையை ஏற்றி நிற்கவைத்துச் சோதித்தார், பாரமில்லாமல் ஓட்டிச் சோதித்தார். ஆட்களை ஏற்றி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. பெட்டி ஒட்டுகிறவனுக்கு இழுப்பது மெசினின் வேலை, தாங்குவது மட்டும்தான் அவன் வேலை. பழக்கம் அப்படி.

கலியாண நாள் வந்தது. பெண்ணின் தகப்பன் மணவறைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், காரோட்டிப் போக முடியாது. அதனால் றவூப் ஓட்ட, தாய்மாமன் என்ற முறையில் நான் பக்கத்தில் இருந்தேன். புறப்படும்போது மச்சான் பட்டு வேட்டியோடு வந்து பொனற்றைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"மெல்லப் போ றவூப்."

"நீ போய் ஐயர் சொல்றதச் செய் மச்சான். இது என்ட பாடு."

மாங்கேணிக்கும் வாகரைக்கும் நடுவில் பனிச்சங்கேணிப் பாலம். போகும்போது நாங்கள் இரண்டு பேர்தான். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் கார் ஒரு முனகல் முனகி ஏறியது. றவூப் என்னைப் பார்த்தான், நான் களப்பைப் பார்த்தேன்.

வாகரையில் ஆலத்தி, தேங்காய், படம் எடுப்பு எல்லாம் முடிந்து ஏறினார்கள். பின்னால் நிதுர்ஷன், அவன் தோழன் நிலோஜன், நடுவில் வினாயகமூர்த்தி. கார் கொஞ்சம் பதிந்து புறப்பட்டது, சமறோட்டில் நன்றாகத்தான் ஓடியது. வினாயகமூர்த்திகூட, "பரவாயில்ல" என்று ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று நான் மனதுக்குள் எடுத்து வைத்தேன். பாலத்தின் ஏற்றத்தில் பாதிக்கு வந்ததும் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. நின்றதோடு விடாமல், பின்னுக்கு உருளத் தொடங்கியது. நான் குதித்து இறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தேன்.

மறுபடி ஸ்டாட் பண்ணினான் றவூப். மறுபடி நின்றது. கிளச் கருகி மணத்தது.

"ஆக்கள் இறங்கினா ஏறும்" என்றான் றவூப், யாரையும் பார்க்காமல்.

"நான் இறங்க மாட்டன்" என்றார் வினாயகமூர்த்தி. "மாப்பிள்ளை வீட்டாரை நடுறோட்டில இறக்கிற மரியாதையா இது? சபைக்குப் போய் நான் என்னெண்டு சொல்ற?"

பாலத்தில் நின்று தூண்டில் போட்டவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பின்னால் வந்த வேன்கள் ஹோன் அடித்தன. முகூர்த்தம் காத்திருக்காது. நான் கெஞ்சினேன். அவர் முன் சீற்றின் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாமி மாதிரி இருந்தார். அப்போது நிதுர்ஷன் இறங்கினான். தலைப்பாகையைக் கழற்றி நிலோஜனிடம் கொடுத்தான், வேட்டியை மடித்துக் கட்டினான், காரின் பின்னால் போய்க் கையை வைத்தான்.

"ஏய், என்ன செய்றா?" என்று மாமா உள்ளே இருந்து கத்தினார்.

"நீங்க இரிங்க மாமா" என்றான் அவன். "றவூப் காக்கா, எடுங்க."

நாங்கள் மூன்று பேரும், தூண்டில்காரர் இரண்டு பேருமாகத் தள்ளினோம். உள்ளே, ஓட்டுகிற றவூப்பைத் தவிர, ஒரே ஒரு ஆள், வினாயகமூர்த்தி. இப்படியாக ஒஸ்டின் பாலத்தில் ஏறியது. உச்சியில் எல்லோரும் ஏறிக்கொண்டோம், இறக்கத்தில் அது குதிரை மாதிரிப் போனது.

மாங்கேணியில் மேளச் சத்தத்தோடு வாசலில் வந்து நின்றோம். மச்சான் முன்னால் நின்றார். கார் வந்துவிட்டது என்று அவர் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை கும்பிட்டபோது அந்தக் கைகள் இரண்டும் கரியும் கிறீசுமாக இருந்ததைக் கண்டார். அவர் கேட்குமுன்பே வினாயகமூர்த்தி சபைக்குச் சொன்னார்:

"கார் மாப்பிள்ளையக் கொண்டுவரல்ல. மாப்பிள்ளைதான் காரைக் கொண்டுவந்திரிக்கான்."

முழுப் பந்தலும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதுதான் கேவலம். சொன்ன விதம் அப்படி.

தாலி ஏறியது, சாப்பாடு முடிந்தது. பின்னேரம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தபோது வினாயகமூர்த்தி பழைய பேச்சை எடுத்தார். கொண்டுவந்தால் நிற்கலாம், கொண்டுவராவிட்டால் எடுக்கவேண்டும் என்பதுதானே கதை? இப்போது அன்னப்பூரணிதான் சொல்லவேண்டும் என்றார். றவூப் பாதித் தூரத்துக்கு மேல் கார்தானே கொண்டுவந்தது என்று வாதாடிப் பார்த்தான். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் என்னெண்டு சொல்ற? தாலி ஏறியிட்டு. வீடு வளவு இனி அவளிட. கஜானியக் கேளுங்க."

அதுவரைக்கும் எனக்கே அது மூளையில் படவில்லை. விடியும்போது அக்காவின் வளவாக இருந்தது மத்தியானம் கஜானியின் வளவாகிவிட்டது. கஜானி கூறைச்சேலையோடு தலை குனிந்து இருந்தாள். பிறகு தகப்பனை நேரே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. அவள் தாயின் மகள்.

"அப்பா, அவர் தள்ளித்தான் வந்திரிக்கி. அம்மா சொன்ன சொல் சொல்தானே. நீங்க இரண்டு பேரும் எப்பயும் போல இஞ்சயே இரிங்க. கார் மட்டும் போகட்டும்."

நிதுர்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிற்பாட்டினாள். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லை. அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது.

"சரி மகள்" என்றார் மச்சான். அவ்வளவுதான். பட்டு வேட்டியை மாற்றிச் சாரம் உடுத்தார், பாயைச் சுருட்டிக் காரின் பின் சீற்றில் போட்டார். பட்டறைக்குக் கொண்டுபோய் நிற்பாட்டப்போவதாகவும், சுவரில்லாத இடமாகையால் தானும் அங்கேயே படுக்கப்போவதாகவும் என்னிடம் சொன்னார்.

"எத்தினை நாளைக்கு மச்சான்?"

"கார் நிக்கும்வரைக்கும்."

கார் ஒரு சத்தமும் சண்டித்தனமும் இல்லாமல் ஸ்டாட் எடுத்துப் போனது. கஜானி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அக்கா வெளியே வந்து பார்க்கவும் இல்லை. அன்று அவள் பந்திப் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள், பிறகு மறுபடியும் அடுக்கினாள்.

மறுநாள் காலை நான் ஊருக்குப் புறப்படும்போது, அக்கா கையில் ஒரு தலையணையும் சோற்றுப்பானையும் எடுத்துக்கொண்டு என்னோடு கூட நடந்தாள். மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். பானை வெறும் பானை. கஜானி பின்னால் ஓடிவந்து, "அம்மா, நான் உங்களைப் போகச் சொல்லல்லயே" என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தடவி, "நீ சொல்லல்ல மகள், போய் மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு நடையை விடவில்லை.

பட்டறையில் மச்சான் காருக்குக் கீழே படுத்துக் கிடந்தார். சேசியின் நடுவில் ஒரு துண்டு இரும்பை வெட்டி எடுத்து, பாரம் குறைக்கிற வேலை. அக்காவின் காலைக் கண்டதும் வெளியே ஊர்ந்து வந்தார். கையில் தலையணையைக் கண்டு முழித்தார்.

"என்னகா இது? நீ வீட்டில இரி. இஞ்ச சுவருமில்ல, ஒண்டுமில்ல."

"முப்பது வருசம் நீங்க என்ட வீட்டில இரிந்தீங்க" என்றாள் அக்கா. "ஒரு நாளைக்காவது முகம் கோணினீங்களா? இனி நான் உங்கட இடத்தில இரிக்கன்."

மச்சான் கையைச் சாரத்தில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு அந்தத் தகரக் கதவின் கொளுக்கியைக் கழற்றித் திறந்து, முன் சீற்றில் கிடந்த, நட்டுக் கழற்றுகிற சாவிகளையும் சுத்தியலையும் ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார், அவள் இருப்பதற்கு.